பேய்க் கதைகள் சொல்லும் துயர்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம்மவர் பழமொழி. அச்சமே பேயைப் படைக்கின்றது என்பது இதன் கருத்து. ஆயினும், இலக்கியத்தில் உலவும் பேய்களை அச்சம் மட்டும் படைக்கவில்லை. தனிமையும் ஏக்கமும் பிரிவும் அவற்றைப் படைத்துள்ளன.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலே மனோரதிய இலக்கிய இயக்கம் எழுந்தது. அது உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் முதலிடம் அளித்தது. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' இதற்குத் தக்க சான்றாகும். அந்நாவலில் வரும் கோர உருவம் பிறவியிலேயே கொடியதன்று. படைத்தவனாற் கைவிடப்பட்ட அது, ஒரு குடும்பத்தினர் உரையாடுவதைச் சுவரின் இடுக்கு வழியே ஒளிந்திருந்து கேட்டு மொழி பயின்றது. அவர்களாலும் விரட்டப்பட்ட பின்னரே கொலைக்குத் துணிந்தது.

இவ்வியக்கத்தின் தாக்கத்தால் நாட்டார் கதைகளைத் தேடித் தொகுக்கும் பணியும் வளர்ந்தது. ஜேர்மனியில் கிறிம் சகோதரர் தமது தொகுப்பின் முதற் பகுதியை 1812இல் வெளியிட்டனர். கியூபெக் நகரில் 1861இல் தொடங்கிய இலக்கிய இதழொன்றும் இத்தகைய கதைகளை அச்சேற்றியது.

அவ்வழியில் வந்தவரே ஒனோரே போக்ரான் (1848–1906). மாணவர்கள் இப்பெயரை நன்கறிவர். பச்சை வழித்தடத்தின் கிழக்கு முனையிலுள்ள மெற்றோ நிலையம் இவர் பெயரையே தாங்கியுள்ளது. 1885 முதல் 1887 வரை மொன்றியல் நகர மேயராக விளங்கிய இவர், தாம் நிறுவிய 'லா பத்ரி' நாளிதழில் 1891 டிசெம்பர் 31ஆந் திகதி 'லா ஷாஸ் கலரி' என்னுங் கதையை வெளியிட்டார்.

கற்றினோ காட்டிலே மரந் தறிக்கச் சென்ற எண்மர், புத்தாண்டுக்கு முதல்நாள் இரவில் தம் அன்புக்குரியவர்களைக் காண விழைந்தனர். ஊரோ நெடுந்தொலைவு, எங்கும் பனி. எனவே பிசாசுடன் உடன்படிக்கை செய்து, வானிற் பறக்கும் வள்ளத்தில் ஏறினர். கடவுளின் பெயரை உச்சரித்தலாகாது. தேவாலயச் சிலுவையைத் தீண்டலாகாது. காலை ஆறு மணிக்கு முன் திரும்பிவிட வேண்டும். தவறினால் ஆன்மா பிசாசுக்கே உரியதாகும். மொன்றியலைக் கடந்து லாவால்ற்றியை அடைந்து ஆடி மகிழ்ந்தனர். மீளும் வழியில், வள்ளத்தைச் செலுத்தியவன் மதுமயக்கத்தால் அதனை நம் நகரத்து மலைச்சாரலின் பனியிலே வீழ்த்தினான். பெரும்பாடு பட்டே அவர்கள் உயிர் தப்பினர்.

பிசாசை நீக்கிவிட்டால் இக்கதையில் எஞ்சுவது யாது? பனிக்காலம் முழுவதும் குடும்பத்தைப் பிரிந்து உழைத்தோரின் ஏக்கமே. ஊரைப் பிரிந்து வந்த நமக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழிலும் இதற்கு ஒப்புமை உண்டு. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பசியால் வாடிய பேய்கள் போர்க்களத்திலே கூழ் சமைத்து உண்கின்றன. சோழரின் வெற்றியைப் பாடும் நூலே எனினும், போரின் கோரம் அப்பேய்களின் அடுப்பிலே தெரிகின்றது. போரைக் கண்டவர்களாகிய நாம் அதனைக் கட்டுக்கதையென்று தள்ளிவிட இயலாது.

புளியமரத்து முனியும் பனங்கூடலிற் கண்ட கொள்ளிவாய்ப் பேயும் நம் ஊர்களின் கதைகள். மூடநம்பிக்கையென்று இவற்றை நாம் பிள்ளைகளிடம் மறைத்தால், நம் தலைமுறையோடு இவை மறைந்துவிடும். நம்புவது வேறு, கதையாக அறிவது வேறு. மேயராயிருந்த போக்ரான், காட்டுச் சமையற்காரன் ஒருவன் கூறுவதாகவே தம் கதையை அமைத்தார். மாணவச் செல்வங்களே, உங்கள் பாட்டி சொல்லும் பேய்க் கதையைக் கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களிலேயே, தமிழிலே, எழுதி வையுங்கள். அதிலே பேயோடு அவருடைய ஊரும் இருக்கும்.