வாய்க்கால் வண்டலும் அதில் தங்கும் விஷமும்

கோடையில் ஏரி, வாய்க்கால்களைத் தூர் வாரி, அவ்வண்டலை வயலுக்கு இடுவது திருச்சிராப்பள்ளிச் சீமையில் நெடுநாளைய வழக்கம். வழக்கம் நல்லதே. ஆயினும் எவ்விடத்து வண்டல் என்று பாராமல் இடுவது சில சமயம் கெடுதியாய் முடியும். அதன் காரணமாவது:

இலை, வேர், பாசி முதலியன அழுகி உண்டாகும் மக்கு, வண்டலில் கலந்திருக்கிறது. டி.டி.டி., பி.எச்.சி. முதலிய பழைய பூச்சி மருந்துகளும், மோட்டார் எண்ணெய்க் கழிவிலுள்ள சில வஸ்துக்களும் ஜலத்தில் மிகச் சொற்பமாகவே கரையும். எண்ணெய் ஜலத்தை விட்டுத் துணியைப் பற்றுவதுபோல, இவை ஜலத்தை விட்டு மக்கைப் பற்றிக்கொள்ளும். ஆகையால் ஓட்டம் மந்தமான இடத்துக் களிவண்டலில் இவை அதிகமாயும், வெறும் மணலில் குறைவாயும் தங்கும். மேலே ஓடும் நீர் தெளிந்திருப்பது அடியிலுள்ள வண்டலின் சுத்தத்திற்கு அத்தாட்சி ஆகாது.

இப்பிடிப்பினால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. மக்கைப் பற்றிய விஷம் பயிரின் வேருக்கும் கிணற்றுக்கும் எளிதில் செல்லாது. ஆனால் அது சீக்கிரம் அழிவதுமில்லை. மண்ணில் சேர்ந்த டி.டி.டி. பாதியாய்க் குறைவதற்கே 2 முதல் 15 வருஷம் வரை ஆகும். வெள்ளத்தில் வண்டல் கலங்கினால் விஷமும் உடன் செல்லும். வண்டலில் மேயும் புழுக்களின் வழியாய் அது மீன்களின் கொழுப்பில் சேரும்.

எல்லா மருந்தும் ஒரே தன்மையன அல்ல. மானோகுரோட்டோபாஸ் போன்றவை ஜலத்தில் நன்கு கரைவன. மக்கில் அதிகம் தங்கா. ஸ்ரீரங்கம் தீவின் ஆற்றோரத்து மணற்பாங்கான நிலங்களில் இத்தகையவை கிணற்று நீருக்கு இறங்கிவிடக்கூடும்.

இந்தியாவில் டி.டி.டி. 1989-ஆம் வருஷத்தில் சாகுபடிக்கு விலக்கப்பட்டது, பி.எச்.சி. 1997-ஆம் வருஷத்தில் தடுக்கப்பட்டது. எனினும் 1990-களில் காவேரியின் அடிவண்டலை ஆராய்ந்தவர்கள் இவ்வகை மருந்துகளின் மிச்சத்தைக் கண்டார்கள். பேட்டைவாய்த்தலையில் காவேரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்காலோ திருச்சி நகரத்தின் ஊடே செல்வது. நகரத்துச் சாக்கடை நீரும் அதில் கலக்கிறது. நகரத்திற்கு மேலுள்ள வண்டலும் கீழுள்ள வண்டலும் பார்வைக்கு ஒன்றாயிருப்பினும் குணத்தில் ஒன்றென்று கொள்ளலாகாது.

ஆகையால் நிலச்சுவான்தார்கள் சாக்கடை சேராத ஏரிகளின் வண்டலையே எருவாகக் கொள்வது உத்தமம். நகரத்தைக் கடந்து வந்த வாய்க்காலின் வண்டலைப் பரீட்சிக்காமல், முக்கியமாய்க் கீரை, கிழங்குப் பயிர்களுக்கு, இடலாகாது. சாதாரண மண் பரிசோதனை பயிர்ச் சத்துக்கள் முதலியவற்றை மாத்திரம் காட்டும். விஷ மிச்சத்தைக் காண்பதற்கு வேறு பரிசோதனை வேண்டும். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அதற்கான ஆய்வுக்கூடம் உண்டு. மருந்து தெளிக்கும் கருவிகளை வாய்க்காலில் கழுவுதல் கூடாது. மணற்பாங்கான நிலத்தில் தொழு எருவும் தழையும் இட்டு மக்கைப் பெருக்கினால், மருந்து கிணற்றுக்கு இறங்குவது குறையும்.

தூர் வாரிய வண்டலைக் கரையின் விளிம்பிலேயே குவித்து வைத்தால் முதல் மழையில் அது திரும்பவும் வாய்க்காலில் சேரும். செலவும் வீண், விஷமும் நீங்காது. கிராம அதிகாரிகள் இதனை நேரில் கவனித்து, வண்டலைக் கரைக்கு அப்பால் அகற்றும்படி செய்வது பாசனதாரர் அனைவருக்கும் நன்மையாகும்.