கீறல் விழாத வால்வு
இதயத்துக்குள் போகும் உலோகத்தைப் பளபளப்பாக்குவது அழகுக்காக அல்ல

எவர்சில்வர் டம்ளரில் கீறல் விழுந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. அதே கீறல் செயற்கை இதய வால்வில் இருந்தால் ரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் உறையும். உறைந்த கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்தான்.

வெளிநாட்டு வால்வின் விலை ஏழை நோயாளிகளுக்கு எட்டாத நிலையில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தானின் குழு சொந்தமாக ஒன்றைச் செய்ய முனைந்தது. பத்தாண்டுக்கும் மேல் பிடித்தது. முதல் மாதிரியின் டைட்டானியச் சட்டம் பற்றவைத்த இடத்தில் உடைந்தது. அடுத்ததில் செயற்கை நீலக்கல் தட்டு. அதன் கடினமே டைட்டானியத்தைத் தேய்த்துவிட்டது. கோபால்ட்-குரோமியம் கலப்பு உலோகத்துக்கு மாறினார்கள். இம்முறை தட்டு உடைந்தது, சோதனைக்குப் பொருத்தப்பட்ட ஆடு செத்தது. கடைசியில் கைகொடுத்தது, சாதாரணமாகத் தோன்றும் பாலிஎதிலீன் பிளாஸ்டிக். ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்து மெருகேற்றிய ஹேய்ன்ஸ்-25 உலோகச் சட்டத்துக்குள் அந்தத் தட்டு நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூட வேண்டும். 1990 டிசம்பர் 6-ம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டிடிகே நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய பின் இதுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது.

மெருகு என்றதும் பட்டறைச் சக்கரம் நினைவுக்கு வரலாம். ஆனால் சக்கரம் தன் துகள்களையும் உலோகத்தில் பதித்துவிட்டுப் போகும். வால்வைவிட ஸ்டென்டில் இது இன்னும் சிக்கல். வைரம் அறுக்க லேசரைப் பழக்கிய சூரத்தில் இன்று ஸ்டென்டும் அறுக்கிறார்கள். தலைமுடி அளவே கனமுள்ள அந்தக் கம்பி வலைக்குள் எந்தச் சக்கரமும் நுழையாது. எனவே அமிலக் குளியல். முலாம் பூசுவதற்கு நேர் எதிரான வேலை இது: பொருளை நேர்மின்முனையில் மாட்டி மின்சாரம் பாய்ச்சினால் உலோகம் கரையும். மேடுகள் முதலில் கரையும், பள்ளங்கள் மெதுவாக. ஒரு நிமிடம் கூடிப்போனால் கம்பியே மெலிந்துவிடும்.

துருப்பிடிக்காத எஃகுக் கருவிகளுக்கு இன்னொரு படி உண்டு. நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தில் முக்கி, ஒட்டியிருக்கும் இரும்புத் துகளைக் கரைப்பார்கள். குரோமியம் ஆக்சைடு படலம், கண்ணுக்குத் தெரியாத கவசமாக மேலே படியும்.

எலும்புக்குப் போகும் டைட்டானியத் திருகு மட்டும் இதற்கெல்லாம் மசியாது. அதன் ஆக்சைடைக் கரைக்க நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் வேண்டும். நீர்த்த நிலையில் கையில் பட்டால் உடனே எரியாது, அதுதான் ஆபத்து. தோலை ஊடுருவி ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் போனால் இதயமே நின்றுவிடும். உயிர் காக்கும் திருகைச் செய்யும் தொழிலாளிக்குக் காத்திருக்கும் அபாயம் இது. தொட்டியின் பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு இருந்தாக வேண்டும். பட்ட இடத்தைத் தண்ணீரில் நன்றாகக் கழுவியதும் அதைத் தடவி, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.