உங்களுக்குத் தெரியுமா? புதுச்சேரியின் மாடப்புறா

மாடப்புறாவின் முன்னோர்கள் செங்குத்துப் பாறைகளின் இடுக்குகளில் வாழ்ந்தவை. புதுச்சேரி நகரமோ தட்டையான கடற்கரை ஊர். இங்கே அவற்றுக்குக் கட்டடங்கள்தான் பாறை! பிரெஞ்சுக் காலத்து மாளிகைகளின் சுவர் விளிம்பு, சன்னலின் மேற்புறம், தேவாலயக் கோபுரத்தின் மாடம் என ஒதுங்க ஓர் இடுக்கு இருந்தால் போதும், நாலு குச்சியை வைத்துக் கூடு கட்டிவிடும்.

நீலச்சாம்பல் உடல், சிறகில் இரண்டு கறுப்புப் பட்டை, சிவந்த கால். ஐரோப்பாவின் காட்டு மாடப்புறாவுக்கு முதுகின் அடிப்பகுதி வெள்ளை. நம் ஊர்ப் புறாவுக்குப் பெரும்பாலும் சாம்பல். கழுத்தில் மின்னும் பச்சையும் ஊதாவும் சாயம் அல்ல. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுப் பிறக்கும் நிறம் அது. அதனால்தான் பறவை திரும்பத் திரும்ப நிறமும் மாறுகிறது.

இத்தனை புறாக்களைப் பார்க்கிறோம், குஞ்சுகளை ஏன் பார்ப்பதில்லை? வழக்கமாக இரண்டு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து, சுமார் 18 நாளில் பொரிக்கும். முதல் சில நாட்களுக்குத் தாய், தந்தை இருவரின் தீனிப்பையிலும் சுரக்கும் கெட்டியான 'புறாப்பால்'தான் உணவு. புரதமும் கொழுப்பும் மிகுந்த அந்தப் பாலில் குஞ்சு மளமளவென வளரும். ஒரு மாதம் போலக் கூட்டிலேயே இருந்துவிட்டு, ஏறக்குறைய முழுப் பறவையாகத்தான் வெளியே வரும். தந்தையும் பாலூட்டும் பறவைகள் உலகில் மிகச் சில. அவற்றில் ஒன்று நம் வீட்டுச் சன்னல் மேலேயே குடியிருக்கிறது.

தண்ணீர் குடிப்பதையும் கவனியுங்கள். கோழியைப் போலத் தலையை அண்ணாந்து விழுங்காது. அலகை அமிழ்த்தி அப்படியே உறிஞ்சும்.