ராத்திரி 2 மணி வரை கேம்... காலையில் மருந்து வேலை!

விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலைகளில், வேலை நடக்கும் இடத்துக்கு செல்போன் கொண்டுபோகக் கூடாது. பகல் முழுக்க போனைத் தொடாமல் இருப்பவரால், ராத்திரி கேமை நிறுத்த முடிகிறதா?

பொழுதுபோக்கா, வாழ்க்கைமுறையா என்பதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் மணிக்கணக்கு பார்ப்பதில்லை. நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட கேமே பெரிதாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது... வழக்கமாக 12 மாதம் இப்படியே நீடித்தால்தான் அது 'கேமிங் டிஸார்டர்'. ஒரு ஞாயிறு முழுக்க பி.ஜி.எம்.ஐ. ஆடியதற்குத் திட்டும் அம்மாக்கள் கவனிக்க!

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களுக்கு 2025-ல் தமிழகத்தில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டு விழுந்தது. ஆகஸ்ட்டில் மத்திய அரசு தடைச் சட்டமே கொண்டுவந்தது. இலவச கேம்களுக்கு அந்த ராத்திரிப் பூட்டு இல்லை. ஸ்குவாடில் மூன்று பேர் காத்திருக்க, 'இன்னும் ஒரே ஒரு மேட்ச்' என்று மணி 2 ஆகிவிடுகிறது. விடிந்ததும் அவர் உட்காரவேண்டியது மருந்து செலுத்தும் அறையில்.