எந்த நாட்டில் இணையம் மலிவு? ஒப்பிடும் முன் நான்கு கேள்விகள்



"அந்த நாட்டில் இணையம் ரொம்ப மலிவு, இங்கேதான் விலை அதிகம்" என்று நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறோம். பேச்சில் அது பரவாயில்லை. கட்டுரையிலோ வாய்மொழித் தேர்விலோ சொன்னால், "எதை வச்சுச் சொல்றீங்க?" என்ற கேள்வி வரும். அகண்ட அலைவரிசை இணையத்தை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் முன் கீழ்க்காணும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. ஒரே பொருளைத்தான் ஒப்பிடுகிறோமா?

அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் புள்ளிவிவரங்களில், விநாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது அகண்ட அலைவரிசைதான். அமெரிக்காவோ 2015-இல் 25 மெகாபிட் என்றும், 2024-இல் 100 மெகாபிட் என்றும் தன் அளவுகோலை உயர்த்தியது. எனவே, எந்த வேகத்துக்கு எந்த விலை என்று முதலில் பாருங்கள். இன்னொன்று: பிட் வேறு, பைட் வேறு. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். 100 மெகாபிட் என்று விளம்பரம் செய்தால், விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும்.

2. விலை யாருடைய வருமானத்துக்கு?

ஒரு கணக்குப் போடுவோம். 'அ' நாட்டிலும் 'ஆ' நாட்டிலும் மாதக் கட்டணம் 100 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 'அ' நாட்டவரின் மாத வருமானம் 5,000 வெள்ளி. 'ஆ' நாட்டவருக்கு 1,000 வெள்ளி. முன்னவருக்குச் செலவு 2 விழுக்காடு. பின்னவருக்கு 10 விழுக்காடு. விலை ஒன்றுதான், சுமை ஐந்து மடங்கு! இதனால்தான் ஐ.நா.வின் அகண்ட அலைவரிசை ஆணையம், வளரும் நாடுகளில் அடிப்படை இணையக் கட்டணம் தலா மாத வருமானத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று 2025-க்கான இலக்கை வைத்தது.

3. எண்ணுவது ஆளையா, வீட்டையா?

கம்பிவழி இணைப்புகளை '100 பேருக்கு எத்தனை' என்று எண்ணுவது வழக்கம். ஆனால், ஒரு வீட்டுக்கு ஓர் இணைப்புப் போதும். வீட்டுக்கு 5 பேர் வாழும் நாட்டில் எல்லா வீட்டுக்கும் இணைப்பு கிடைத்தாலும் கணக்கு 20-தான் காட்டும். வீட்டுக்கு 2 பேர் என்றால் 50 காட்டும். இதைப் பார்த்து முதல் நாடு பின்தங்கியது என்று எழுதிவிடக் கூடாது.

4. வித்தியாசம் ஏன் வந்தது?

சிங்கப்பூரின் பரப்பு 700 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பெரும்பாலோர் வீவக அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். ஒரு கட்டடத்துக்குக் கண்ணாடியிழைக் கம்பி போனால் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சேவை தரலாம். மலேசியாவின் பரப்போ ஏறக்குறைய 3,30,000 சதுர கிலோமீட்டர். சபா, சரவாக்கின் மலைகளையும் ஆறுகளையும் தாண்டிச் சில வீடுகளுக்காகக் கம்பி இழுக்க வேண்டும். கடற்கரையே இல்லாத சாட் போன்ற நாடுகள் கடலடிக் கம்பியை எட்ட அண்டை நாடுகளைக் கடந்தாக வேண்டும். அந்தச் செலவும் கட்டணத்தில் ஏறும்.

கொள்கையும் போட்டியும்கூட விலையை மாற்றும். மலேசியாவில் நிறுவனங்களுக்கு இடையிலான மொத்த விற்பனைக் கட்டணம் 2018-இல் முறைப்படுத்தப்பட்டதும் வீட்டு இணையக் கட்டணம் கணிசமாகக் குறைந்தது. இந்தியாவில் 2016-இல் ஜியோ சேவை வந்ததும் கைப்பேசித் தரவு விலை சரிந்தது. ஆனால், அங்கே வீட்டுக்குக் கம்பிவழி இணைப்பு வைத்திருப்போர் இன்னும் குறைவு. 'இந்தியாவில் இணையம் மலிவு' என்றால், எந்த இணையம் என்றும் சொல்லணும்.

சராசரிக்குள் மறைபவர்கள்

2024 மதிப்பீட்டின்படி, உயர்வருமான நாடுகளில் 93 விழுக்காட்டினர் இணையம் பயன்படுத்தினர். குறைவருமான நாடுகளில் 27 விழுக்காட்டினரே. இதே இடைவெளி ஒரே நாட்டுக்குள்ளும் உண்டு. 2020-இல் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி இணையவழித் தேர்வு எழுத மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்ததை நாடே பார்த்தது. தேசியச் சராசரியில் அந்த மரம் தெரியாது.

ஆசிரியர்களே, இணையவழி வீட்டுப்பாடம் தரும் முன் வகுப்பில் ஒன்று கேளுங்கள்: "வீட்டில் வைஃபை இருக்கா, அம்மாவின் கைப்பேசித் தரவா? அந்தக் கைப்பேசியை எத்தனை பேர் பகிர்றீங்க?" பாடத்தை அனுப்பாத பிள்ளை சோம்பேறியா, இணைப்பில்லாதவரா என்பது அப்போதுதான் விளங்கும்.

மாணவர்களே, கட்டுரையில் இந்த வரிசையைப் பின்பற்றுங்கள்: எந்த ஆண்டு, எந்த வகை இணையம், என்ன வேகம், வருமானத்தில் எத்தனை விழுக்காடு, காரணம் என்ன. பிறகு, யார் விடுபட்டார்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். உங்கள் கருத்துக்கு அப்போது ஆதாரமும் இருக்கும், அக்கறையும் இருக்கும்.