கோவளத்தில் ஓங்கில் விட்ட மூச்சு

விடிகாலை நாலரை மணி. ஜிஎஸ்டி சாலையில் லாரிகளைத் தவிர யாருமில்லை. காரின் பின் சீட்டில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் நீல ரப்பர் டால்பினைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அவன் அம்மா, நந்திவரத்தில் எங்கள் எதிர்வீட்டு அக்கா. வண்டலூரில் வலப்பக்கம் திரும்பி, கேளம்பாக்கம் தாண்டி, கோவளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். டால்பின் பார்க்க! எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமே வரவில்லை.

இந்தப் பயணத்துக்கு விதை போட்டது ஒரு செல்போன் வீடியோ. "வெளிநாட்டுல டால்பின் தெரபியாம். பத்து நாள்தான். நகையை வெச்சா போயிட்டு வந்துடலாம். நீ பத்திரிகைல இருக்கே, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன்டீ" என்று போன மாதம் அக்கா கேட்டாள். பையனுக்கு ஆட்டிசம். பேச்சு என்று பார்த்தால் ஏழெட்டுச் சொற்கள். அக்கா கேட்டுவிட்டாள், நான் விடுவேனா? அந்த டால்பின் தெரபிக் குளத்தின் பின்கட்டுக்குள் தலையை நீட்டிப் பார்த்தேன்.

அங்கே நடப்பது இதுதான். குழந்தையிடம் ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்பார்கள். பதில் வந்தால் டால்பினைத் தொடலாம், அதன் முதுகுத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நீரில் ஒரு சுற்று போகலாம். அதே நொடியில் பயிற்சியாளரின் விசில் ஒலிக்கும், டால்பின் வாயில் ஒரு மீன் விழும். குழந்தைக்குப் பரிசு டால்பின், டால்பினுக்குப் பரிசு மீன்! ஒரே பாடம், ஒரே குளம், இரண்டு மாணவர்கள். இது புரிந்த அன்று வீட்டுக் கூடத்தில் குதித்தே விட்டேன்.

டால்பின் முகத்தில் தெரியும் அந்தச் சிரிப்பு? அது சிரிப்பே இல்லை. தாடையின் அமைப்பு அப்படி. வலித்தாலும் பசித்தாலும் டால்பினின் முகம் மாறாது.

இந்தத் தெரபி எப்படித் தொடங்கியது என்பதும் ஒரு கதை. 1970களில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பெட்ஸி ஸ்மித் என்ற மானுடவியலாளர், அறிவுத்திறன் குறைபாடுள்ள தன் சகோதரரிடம் டால்பின்கள் காட்டிய மென்மையைப் பார்த்து அசந்துபோய் ஆய்வில் இறங்கினார். பிறகு 1990களில் அவரே அதைக் கைவிட்டார். அடைபட்ட உயிரை இப்படிப் பயன்படுத்துவது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு அந்த அம்மாவின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

சரி, பலன் உண்டா? 2005-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. ஹோண்டுராஸ் நாட்டில், மனச்சோர்வு உள்ள 30 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு டால்பின்களோடு நீந்தியது. இன்னொன்று டால்பின் இல்லாமல் பவளப்பாறைக் கடலில் நீந்தியது. இரண்டே வாரத்தில் டால்பின் குழுவின் சோர்வு கூடுதலாகக் குறைந்தது. படித்ததும் துள்ளினேன். ஆனால் யாருக்கு டால்பின் கிடைத்தது என்பதை அவர்களிடமே மறைக்க முடியாதே! கிடைத்த குதூகலமே மருந்தாக வேலை செய்திருக்கலாம். லோரி மரினோ, ஸ்காட் லிலியன்ஃபெல்ட் இருவரும் 1998-லும் 2007-லும் இத்தகைய ஆய்வுகளை அலசி, நீடித்த பலனுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். டால்பினின் மீயொலி குணப்படுத்துகிறது என்ற பேச்சையும் ஜெர்மன் ஆய்வாளர்கள் 2003-ல் சோதித்தார்கள். மருத்துவத்துக்கு வேண்டிய அளவு ஒலி அந்தச் சந்திப்புகளில் கிடைப்பதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2007-ல் வந்த இன்னொரு ஆய்வு. டால்பின் தெரபியின் முன்னோடிகளில் ஒருவரான டேவிட் நேதன்சனே ஓர் இயந்திர டால்பினைக் குழந்தைகளோடு நீரில் இறக்கிப் பார்த்தார். நிஜ டால்பின் தந்த பலனை அதுவும் தந்தது!

நம் ஊரில் அந்தக் குளம் கிடையாது, வரவும் வராது. 1990களின் கடைசியில் மாமல்லபுரம் அருகே ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் பல்கேரியாவிலிருந்து டால்பின்கள் வந்தன. சில மாதங்களிலேயே செத்துப்போயின. 2013 மே மாதம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்துவிட்டது.

இதையெல்லாம் சொன்னதும் அக்காவின் முகம் விழுந்துவிட்டது. நகை அடகுக்குப் போகவில்லை. பையனை முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்துக்கு அழைத்துப் போகிறாள். 2005 முதல் இயங்கும் மத்திய அரசு நிறுவனம் அது. ஆனாலும் அவன் அந்த ரப்பர் பொம்மையை விடவில்லை. டால்பின் கோவளத்துக் கடலில் இருக்கும்போது நாம் ஏன் போகக்கூடாது?

கரையில் ஃபைபர் படகைத் தள்ளுகிறார்கள். எங்களுக்கு மிதவைச் சட்டை. படகுக்காரப் பெரியவர் டால்பின் என்று சொல்வதில்லை, ஓங்கில் என்கிறார். "ஓங்கில் துள்ளுற எடத்துல மீனு கெடக்கும்மா. ஆனா வலையையும் கிழிச்சிடும், அது வேற கத." அலை தாண்டியதும் பையன் காதைப் பொத்திக்கொண்டான், இஞ்சின் சத்தம். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பெரியவர் இஞ்சினை அணைத்தார். "கம்முனு குந்து சாமி, அதுவா வரும்."

ப்ஃபூ...!

முதலில் வந்தது சத்தம்தான். குக்கர் ஆவி விட்டது மாதிரி. பிறகு சாம்பல் நிற முதுகு, அதில் திமில் போல ஒரு மேடு, அதன் மேல் குட்டித் துடுப்பு. கரையோர ஆழமில்லாக் கடலில் திரியும் வகை இது. இன்னொன்று. பின்னாலேயே ஒரு குட்டி! காற்றில் மீன் கவிச்சி அடித்தது, அதன் மூச்சேதான். நாங்கள் கிட்டே போகவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர், துரத்தக் கூடாது. அவையே படகுக்கு முன்னால் குறுக்கே போயின. நான் கத்திவிடாமல் இருக்கத் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டேன்.

பையன் காதிலிருந்து கையை எடுத்திருந்தான். கன்னத்தை உப்பி, மெதுவாக, "ப்ஃபூ" என்றான்.

அவனுக்குப் பேச்சுப் பயிற்சி தருபவர் மாதக்கணக்காகக் கேட்பது இதைத்தான்: கேட்ட ஒலியைத் திருப்பிச் செய்வது. அக்கா ஒரு கணம் அசையவில்லை. அப்புறம் அவளும் கன்னத்தை உப்பி, "ப்ஃபூ" என்றாள். அவன் அவள் வாயையே பார்த்தான். திரும்பவும் ஊதினான்.

திரும்பும் வழியில் கேளம்பாக்கம் சிக்னலில் ஒன்று, வண்டலூர் மேம்பாலத்தடியில் இரண்டு. ஊரப்பாக்கம் வருவதற்குள் பதினேழு. அக்கா விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.