தலைநகரில் ஓர் இளவேனில் நாள்

நுழையும்முன்

ஒரு நகரைக் காண்பதற்கு இடம் மட்டும் தெரிந்தால் போதாது. காலமும் தெரிந்திருக்க வேண்டும். பனி விலகி வெயில் முதிர்வதற்கு முன் தில்லி மாநகர் அணியும் கோலம் சில கிழமைகளே நீடிக்கும். அக்கோலத்தைக் கண்டு மகிழ்வதற்கும் அதனைத் தமிழில் பெயர் சொல்லி அறிவதற்கும் இப்பாடம் துணைசெய்யும்.

மாணவர் ஒருவரின் ஐயம்

பெரும்பொழுது ஆறு என்னும் பாடத்தை நடத்திய நாளில் வகுப்பில் ஒரு மாணவர் எழுந்து வினவினார்: “ஐயா, இளவேனிற்காலம் சித்திரை, வைகாசித் திங்களில் வரும் என்று நூலில் உள்ளது. ஆனால் நம் ஊரில் சித்திரையில் அனல் அல்லவா வீசுகிறது? மாசியிலேயே பூக்கள் பூத்து முடிந்துவிடுகின்றனவே! நூல் பொய்யா? நம் ஊர் பொய்யா?”

நல்ல வினா. தமிழகத்திற்கு வெளியே பிறந்து வளரும் உங்களுள் பலருக்கும் இந்த ஐயம் எழுந்திருக்கும். வீட்டில் பேசும் மொழி ஒரு நிலத்துக்கும், சன்னலுக்கு வெளியே தெரியும் மரம் வேறொரு நிலத்துக்கும் உரியனவாகத் தோன்றும். இவ்விரண்டும் பொருந்துமா என்பதை மரத்தடியில் நின்று பார்த்துத்தான் தெளிய வேண்டும். ஆகவே, தில்லியில் ஒரு நாளைக் கழிக்கப் புறப்படுவோம்.

பொழுதும் கதிரவனும்

பயணத்திற்கு முன் பருவத்தின் காரணத்தை அறிவோம். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கிலும், தில்லி ஏறத்தாழ 28½ பாகை வட அகலாங்கிலும் அமைந்துள்ளன. நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லச் செல்லப் பகலின் நீளம் ஆண்டிற்குள் மிகுதியாக மாறும். டிசம்பர் இறுதியில் தில்லியின் பகல் சுமார் 10 மணி 20 நிமிடமே. சூன் இறுதியில் அது 14 மணி நேரத்தை நெருங்குகிறது. சென்னையில் இந்த வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் மட்டுமே.

மற்றொரு காரணம் கடல். கடல் மெல்லச் சூடேறும், மெல்லக் குளிரும். அதனால் கடலோர ஊர்களில் குளிரும் வெயிலும் அளவோடு இருக்கும். தில்லியோ கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ளது. சனவரியில் இரவு வெப்பம் 7 அல்லது 8 பாகை செல்சியசு அளவுக்குத் தாழும். மே மாதப் பகலில் 40 பாகையை எட்டும். இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே ஊசல்போல் கடந்து செல்வதே இங்குள்ள இளவேனில். பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச்சு இறுதியில் முடிந்துவிடும். தமிழ்க் கணக்கில் அது மாசியும் பங்குனியும். அதாவது நம் நூல் ‘பின்பனி’ என்று குறிக்கும் காலம்.

இலவ மரத்தடியில்

விடியற்காலையில் கம்பளிச் சட்டை வேண்டும். நண்பகலில் அது தோளில் சுமையாகும். எனவே ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய ஆடை அணிவதே இப்பருவத்திற்கு ஏற்றது. குடிநீரும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு, மெட்ரோ தொடர்வண்டியின் மஞ்சள் வழித்தடத்தில் சோர்பாக் நிலையத்தில் இறங்கினால், சிறிது தொலைவில் லோதி தோட்டம்.

இத்தோட்டத்தில் நடைபயில்வோர் பலர். கல்லறைகளின் நடுவே நடக்கிறோம் என்பதை எண்ணுவோர் சிலரே. சையது மரபினரும் லோதி மரபினரும் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பிய கட்டடங்கள் இங்கு நிற்கின்றன. அவற்றைச் சுற்றி ஒரு சிற்றூர் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் அவ்வூரார் வேறிடத்திற்குப் பெயர்க்கப்பட்டு, 1936இல் தோட்டம் அமைக்கப்பட்டது. அழகிய புல்வெளிக்கு அடியிலும் ஊர்விட்டு ஊர் சென்றவர்களின் கதை உண்டு என்பதை நினைவில் கொள்க.

இப்பருவத்தில் தோட்டத்திலும் சாலையோரங்களிலும் ஒரு மரம் நம் கண்ணைப் பறிக்கும். இலை ஒன்றுகூட இல்லாத கிளைகளில், உள்ளங்கை அளவிலான செந்நிற மலர்கள். ஐந்து தடித்த இதழ்கள். மலர் முழுதாகவே ‘பொத்’தென்று தரையில் விழும். இந்தியில் இதனைச் ‘செமல்’ என்பர். தமிழில் இதன் பெயர் இலவு. “இலவு காத்த கிளி போல” என்னும் பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பழுக்கும் என்று கிளி காத்திருக்க, காய் வெடித்துப் பஞ்சாய்ப் பறந்துவிட்டதாம்.

அந்தப் பழமொழியின் மரத்தடியில்தான் இப்போது நிற்கிறீர்கள். அண்ணாந்து பாருங்கள். பச்சைக்கிளிகளும் மைனாக்களும் அணில்களும் மலரில் ஊறும் தேனுக்காக மொய்க்கின்றன. பூவை நாடி வரும் கிளி ஏமாறுவதில்லை. காய்க்குக் காத்திருந்த கிளியே ஏமாந்தது. ஏப்ரல், மே திங்களில் மீண்டும் வந்தால், காய் வெடித்துப் பஞ்சு காற்றில் மிதப்பதையும் காணலாம். வீட்டில் அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் மராட்டி மொக்கு இருந்தால் கேட்டுப் பாருங்கள். அது இலவ இனத்து மரத்தின் காய்ந்த மொக்கே.

இலை உதிரும் இளவேனில்

மலர்களைப் பார்த்தபின் தரையைப் பாருங்கள். சருகு குவிந்து கிடக்கும். இளவேனிலில் இலை உதிர்வதா என்று வியப்பீர்கள். மேலைநாட்டுக் கதைகளில் இலைகள் பனிக்கு முன்பு உதிரும். அங்கு மரங்களுக்குப் பகை உறைபனி. நம் நாட்டிலோ பல மரங்களுக்குப் பகை வறட்சி. முற்றிய இலைகளை உதிர்த்துவிட்டுக் கொடும்வெயிலுக்கு முன் புதுத்தளிர் விடுகின்றன. அரச மரத்தின் செம்புநிறத் தளிர் வெயிலில் கண்ணாடிபோல் ஒளிர்வதை இப்பருவத்தில் மட்டுமே காணமுடியும். நம் முன்னோர் வகுத்த ஆறு பருவங்களுள் ‘இலையுதிர் காலம்’ என ஒன்று இல்லாததன் பொருத்தமும் இங்கு விளங்குகிறது.

புதுதில்லியின் சாலையோர மரங்களும் நமக்கு அயலானவை அல்ல. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என 1911இல் அறிவிக்கப்பட்டது. புதிய நகரம் 1931இல் திறந்துவைக்கப்பட்டது. அதன் சாலைகளில் நிழலுக்காக நட்டவை வேம்பு, நாவல், புளி, நீர்மருது முதலியன. மருத நிலத்துக்குப் பெயர் தந்த மரம் நீர்மருதே என்பர். ஐந்திணைப் பாடத்தில் படித்த மரம், நீங்கள் பள்ளிக்குச் செல்லும் பேருந்தின் சன்னலோரத்திலேயே நிற்கக்கூடும்.

நான்காகப் பகுத்த தோட்டம்

நண்பகலுக்கு முன் உமாயூன் கல்லறைக்குச் செல்வோம். முகலாயப் பேரரசர் உமாயூன் 1556இல் மறைந்தார். அவர் அரசியார் எழுப்பிய இக்கட்டடம் 1572 அளவில் நிறைவுற்றது. செம்மணற்கல்லும் வெண்பளிங்கும் இயைந்த இதன் அமைப்பு, பின்னாளில் எழுந்த தாசுமகாலுக்கு முன்னோடி. 1993இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 15 வயதுக்கு உட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

இங்குக் கட்டடத்தை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். சுற்றியுள்ள தோட்டம் நீரோடைகளால் நான்காகப் பகுக்கப்பட்டுள்ளது. ‘சார்பாக்’ என்பது இதன் பெயர்; ‘நான்கு தோட்டம்’ என்று பொருள். வறண்ட நிலத்திலிருந்து வந்தோர் நீரோடும் தோட்டத்தையே விண்ணுலகாகக் கருதினர். தாங்கள் குடியேறிய மண்ணில் அதனை அமைத்துக்கொண்டனர். புலம்பெயர்ந்தோர் தம் நினைவில் உள்ள நிலத்தைப் புதிய ஊரில் நட்டுக்கொள்வது என்றும் உள்ள வழக்கம். தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கும் உங்கள் பாட்டியாரும் அதனைத்தான் செய்கிறார்.

அருகிலேயே சுந்தர் நர்சரி உள்ளது. நகரில் நடுவதற்கான மரங்களை வளர்த்துப் பார்ப்பதற்கென ஆங்கிலேயர் காலத்தில் அமைந்த நாற்றுப்பண்ணை இது. செப்பனிடப்பட்டு 2018இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தில்லியின் பாறைக்குன்றுகளில் இயற்கையாக வளரும் பலாசு மரம் மார்ச்சில் நெருப்புப் பிடித்தாற்போல் பூக்கும். அதன் பூவிலிருந்து ஓலிப் பண்டிகைக்கு வண்ணம் எடுப்பர். தமிழில் அதற்குப் புரசு என்றும் பெயர். சென்னையின் புரசைவாக்கம் இம்மரத்தால் பெயர் பெற்றது. அடுத்த விடுமுறையில் அங்குச் செல்ல நேர்ந்தால், அப்பெயரின் பொருள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மஞ்சள் பூவின் கதை

சாலையைக் கடந்தால் நிசாமுத்தீன் அவுலியாவின் அடக்கத்தலம். வசந்த பஞ்சமியையொட்டி இங்கு மஞ்சள் மலர்களுடன் பாடி மகிழும் வழக்கம் உண்டு. அதற்கொரு கதை கூறுவர். உடன்பிறந்தார் மகன் இறந்த துயரத்தில் நிசாமுத்தீன் சிரிப்பையே மறந்திருந்தார். அவர்தம் மாணாக்கரான கவிஞர் அமீர் குசுரோ, மஞ்சள் உடுத்திக் கடுகுப்பூ ஏந்திப் பாடிச்செல்லும் பெண்களைக் கண்டார். தாமும் அவ்வாறே உடுத்துப் பூவேந்தி ஆசானின் முன் ஆடிப் பாடினார். ஆசான் முகத்தில் புன்னகை மலர்ந்தது. ஆசிரியரும் மாணாக்கரும் 1325ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். இருவரின் அடக்கத்தலங்களும் அருகருகே உள்ளன. இந்துக்களின் விழாவும் இசுலாமியர் தலமும் ஒரு பூவால் இணைந்த இடம் இது.

ஐயத்திற்கு விடை

மாலையில் வீடு திரும்பும்போது காற்றைக் கவனியுங்கள். குளிர்காலம் முழுவதும் வீசியது வடபுலத்து வாடை. இன்னும் சில கிழமைகளில் மேற்கிலிருந்து அனற்காற்று வீசும், ‘லூ’ என்பர். தமிழில் மேல்காற்றுக்குக் கோடை என்று பெயர். கோடை என்பது வெயில் காலத்திற்கு மட்டுமன்று, அக்காற்றுக்கும் பெயர் என்பதைத் தில்லிவாழ் மாணவர் தம் உடம்பாலேயே உணரலாம்.

இனி, அந்த மாணவரின் வினாவுக்கு வருவோம். வேனில் என்பது வெப்பம். இளவேனில் என்பது இளவெப்பம். திங்கள் கணக்கு தென்னிலத்தின் பட்டறிவு. சொல்லின் பொருளோ எந்நிலத்துக்கும் பொருந்தும். வெயில் இளமையாக இருக்கும் காலம் தில்லியில் மாசியிலும் பங்குனியிலும் வருகிறது. ஆகவே நூலும் பொய்யன்று, ஊரும் பொய்யன்று.

இன்னுமொன்று. பங்குனியில் இலை உதிர்த்த வேப்பமரம் தளிர்த்து, சித்திரைப் பிறப்பையொட்டிப் பூக்கத் தொடங்கும், தில்லியிலும் அப்படித்தான். புத்தாண்டு நாளில் பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டுமெனில், ஊரிலிருந்து வரும் பொட்டலத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருமுனை வேம்பை அண்ணாந்து பாருங்கள். வினா எழுப்பிய அம்மாணவர் அவ்வாண்டு சித்திரை முதல் நாளன்று ஒரு தாளில் பொதிந்து சிறிது வேப்பம்பூ கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “ஐயா, இது மட்டும் நூலில் உள்ளபடியே வந்துவிட்டது” என்றார்.

சொல்லும் பொருளும்

அகலாங்கு – நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கு, தெற்காக அளக்கும் கோட்டளவு
கிழமை – (இங்கு) வாரம்
பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு
வாடை – வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று
கோடை – மேற்கிலிருந்து வீசும் வெப்பக்காற்று

சிந்தித்து எழுதுக

1. தில்லியில் இளவேனில் விரைவில் முடிந்துவிடுவதற்கு இப்பாடம் கூறும் காரணங்கள் யாவை?
2. “பூவை நாடி வரும் கிளி ஏமாறுவதில்லை” – இத்தொடரை விளக்குக.
3. முகலாயரின் தோட்டத்தையும் பாட்டியாரின் கறிவேப்பிலைத் தொட்டியையும் ஆசிரியர் ஏன் ஒப்பிடுகிறார்?

களப்பணி

நீங்கள் வாழும் ஊரில் வீட்டருகே உள்ள ஐந்து மரங்களைப் பாருங்கள். உள்ளூர் மொழியில் அவற்றின் பெயர்களை அண்டைவீட்டாரிடமும், தமிழ்ப் பெயர்களை வீட்டுப் பெரியோரிடமும் கேட்டு அட்டவணைப்படுத்துக. ஒவ்வொன்றும் எந்தத் தமிழ்த் திங்களில் தளிர்க்கிறது, எதில் பூக்கிறது என்பதை ஓராண்டு குறித்து வருக.